மாலை ஐந்து மணிக்கும் ஓர் அழைப்பு



பாஸ்கா காலத்தின் 4ஆம் ஞாயிறை நல்லாயன் ஞாயிறாகக் கொண்டாடுகிறோம். 1964ஆம் ஆண்டு முதல் அனைத்துலகத் திருஅவை இறையழைத்தலுக்காக மன்றாடும் நாளும் இருக்கிறது. அது இப்போது இந்த ஞாயிறன்றே வருகிறது. குருக்களும் துறவியரும் பெருக வேண்டும் என்று அன்று நாம் ஒன்றாக மன்றாடுகிறோம். ஆனால் ஆண்டு முழுவதும் நம் மன்றாட்டுப் பெட்டியில் விழும் சீட்டுகள் வேறொன்றைக் கேட்கின்றன. படிப்பை முடித்த மகனுக்கு வேலை வேண்டும். தற்காலிக வேலையில் இருக்கும் மகளுக்கு அது நிரந்தரமாக வேண்டும். வெளிநாடு போன கணவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும்.

இந்த இரண்டு மன்றாட்டுகளும் நம் மனத்தில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அழைத்தல் என்றால் அது குருமடத்துக்கும் கன்னியர் மடத்துக்கும் உரியது, வேலை என்றால் அது வயிற்றுப்பாட்டுக்கு உரியது என்று பிரித்து வைத்திருக்கிறோம். ஞாயிறு ஆண்டவருக்கு, திங்கள் முதல் சனி வரை முதலாளிக்கு என்பதுபோல நம் வாழ்வும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. இப்படிப் பிரிப்பது சரிதானா? நம் அன்றாட உழைப்புக்கும் ஆண்டவரின் அழைப்புக்கும் என்ன உறவு? இன்று இதைச் சிந்திப்போம்.

இயேசு சொன்ன ஓர் உவமையில் அழைப்பும் வேலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதுதான் திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமை (மத்தேயு 20:1-16). தோட்டத்துக்கு உரிமையாளரான நிலக்கிழார் விடியற்காலையிலேயே புறப்பட்டுப் போய், ஒரு நாளைக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி ஆள்களை அழைத்து வருகிறார். காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் போகிறார். நண்பகலில் போகிறார், பிற்பகல் மூன்று மணிக்குப் போகிறார், பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது ஐந்தாம் முறையாகவும் போகிறார். அப்போதும் சிலர் சந்தைவெளியில் நிற்கிறார்கள். ஏன் நாளெல்லாம் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்பதே அவர்கள் சொல்லும் பதில்.

இந்தப் பதிலைக் கேட்டு நாம் சற்று நிற்க வேண்டும். அவர்கள் சோம்பேறிகள் என்று உவமை சொல்லவில்லை. சோம்பேறியாக இருந்திருந்தால் வீட்டில் படுத்திருப்பார்கள். மாலை ஐந்து மணி வரை வெயிலில் நின்றிருக்க மாட்டார்கள். நம் ஊர்களிலும் விடியற்காலையில் நாற்சந்திகளில் இப்படிக் கூட்டம் நிற்பதைப் பார்க்கிறோம். கொத்தனார், சித்தாள், பெயிண்டர், மண் வெட்டுகிறவர் என்று பலர் கையில் சாப்பாட்டுத் தூக்குடன் காத்திருப்பார்கள். மேஸ்திரி வந்து வலுவான ஆள்களை முதலில் பொறுக்கி எடுப்பார். வயதானவர், மெலிந்தவர், முந்தின வாரம்தான் காய்ச்சலிலிருந்து எழுந்தவர் ஆகியோர் பின்தங்கி விடுவார்கள். ஒன்பது மணி தாண்டிவிட்டால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியும். இருந்தாலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மனம் வராமல் நிற்பார்கள். உவமையில் மாலை வரை நின்றவர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

கூலி கொடுக்கும் நேரம் வருகிறது. கடைசியில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம், முதலில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஓர் உழைப்பாளியின் ஒரு நாள் கூலி. அன்றைக்கு அவர் வீட்டில் அடுப்பு எரிவதற்கான பணம். ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவரின் வீட்டிலும் முழு நாளுக்குரிய பசிதானே இருக்கும்! நிலக்கிழார் அவர் செய்த வேலையின் அளவோடு அவரையும் பார்க்கிறார், அவருக்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தையும் பார்க்கிறார். முதலில் வந்தவர்களுக்கு அவர் ஒன்றும் குறைத்துவிடவில்லை. பேசிய கூலி முழுவதும் அவர்களுக்குக் கிடைத்தது. கடைசியில் வந்தவர்களைத் தங்களுக்குச் சமமாக்கியதே அவர்களை உறுத்தியது.

இது இறையாட்சியைப் பற்றிய உவமை; கூலி நிர்ணயத்துக்கான சட்டம் அல்ல என்று நாம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இறையாட்சி எப்படிப்பட்டது என்று காட்ட இயேசு தெரிந்தெடுத்தது வேலையும் கூலியும் நிறைந்த ஒரு காட்சி. இறைவன் மனிதரை அளக்கும் அளவுகோல் அதில் நமக்குத் தெரிகிறது. நாம் ஒருவரை அவர் செய்யும் வேலையைக் கொண்டு அளக்கிறோம். இறைவனோ வேலையை அதைச் செய்கிற மனிதரைக் கொண்டு அளக்கிறார். வேலையைப் பற்றிய கிறிஸ்தவப் பார்வை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

விவிலியத்தின் முதல் பக்கங்களிலேயே இதைக் காண்கிறோம். வேலை என்பது ஆதாமின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடக்கநூல் அப்படிச் சொல்லவில்லை. பாவம் நுழைவதற்கு முன்பே, ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதரை இறைவன் அங்கே வைத்தார் (தொடக்கநூல் 2:15). பாவத்துக்குப் பின் வந்தவை முள்ளும் முட்செடியும், நெற்றி வியர்வையும் சலிப்பும். அதாவது, வேலை இறைவனின் கொடை. வேலையில் நாம் படும் வேதனை பாவத்தின் விளைவு. எனவேதான் ஒரே வேலையில் நமக்கு நிறைவும் கிடைக்கிறது, களைப்பும் கிடைக்கிறது. பயிர் தலையெடுத்து நிற்பதைப் பார்க்கும் விவசாயியின் முகத்தில் தெரிவது முதலாவது. கடன் கணக்கைப் பார்க்கும்போது அதே முகத்தில் தெரிவது இரண்டாவது.

இனி நாசரேத்துக்குப் போவோம். இயேசு தம் பணியைத் தொடங்கியபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது என்கிறார் லூக்கா (3:23). அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஊரார் அவரைத் தச்சர் என்றும் தச்சருடைய மகன் என்றும் அடையாளம் சொன்னார்கள் (மாற்கு 6:3, மத்தேயு 13:55). நற்செய்தியின் மூலமொழியான கிரேக்கத்தில் அங்கே வரும் சொல், மரவேலை செய்பவரை மட்டுமல்லாமல் கட்டுமான வேலை செய்பவரையும் குறிக்கும். ஏர், நுகம், கதவு, உத்திரம் எல்லாம் அத்தகையவர்களின் கையால் உருவானவை. இறைமகன் மக்களிடையே போதித்தது சில ஆண்டுகளே. அதைவிடப் பல மடங்கு காலம் அவர் ஒரு சிற்றூரில் வாழ்ந்தார். அங்கே வேலை செய்தார். அந்த ஆண்டுகளில் அவர் புதுமை எதுவும் செய்ததாக நற்செய்திகள் கூறவில்லை. ஆனாலும் திருமுழுக்கு பெற்று அவர் கரையேறியபோது, தந்தை அவரில் பூரிப்படைவதாக வானிலிருந்து குரல் கேட்டது. அதற்குள் நாசரேத்தின் அத்தனை வேலை நாள்களும் அடங்கும் அல்லவா?

அக்காலக் கிரேக்க, உரோமை உலகில் கைவேலை பெரும்பாலும் அடிமைகளுக்கும் எளியவர்களுக்கும் உரியதாக இருந்தது. படித்த மேல்தட்டினர் அதை இழிவாகவே கருதினார்கள். அத்தகைய உலகில்தான் தச்சர் ஒருவரை ஆண்டவர் என்று அறிக்கையிட்டது தொடக்கத் திருஅவை. திருத்தூதர் பவுல் கற்றறிந்தவர். ஆனாலும் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கி, கூடாரம் செய்யும் தொழிலைச் செய்தார் (திருத்தூதர் பணிகள் 18:1-3). 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்குநூலில் இறைவேண்டலோடு கைவேலைக்கும் நேரம் ஒதுக்கினார். மடத்தின் கருவிகளையும் பொருள்களையும் பீடத்தின் புனிதக் கலங்களைப் போலப் பேண வேண்டும் என்றும் சொன்னார். மண்வெட்டியும் திருக்கிண்ணமும் ஒரே மரியாதைக்குரியவை! கைவேலை இழிவு என்று எண்ணிய உலகுக்கு அது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்!

அண்மைக் காலத் திருஅவையும் இதே வழியில்தான் கற்பித்து வருகிறது. ஆலைகளும் சுரங்கங்களும் மனிதரைச் சக்கையாகப் பிழிந்துகொண்டிருந்த காலத்தில், 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். இருவரும் ஒப்புக்கொண்ட கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது என்று அதில் அவர் கற்பித்தார். வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கும் தொழிலாளி, உண்மையில் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளாகிறார். 1955ஆம் ஆண்டு மே முதல் நாளில், தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவை ஏற்படுத்தினார் திருத்தந்தை 12ஆம் பயஸ். உலகம் உழைப்பாளர் நாளாகக் கொண்டாடும் அதே நாளில் நாசரேத்தின் தச்சரை நம் கண்முன் நிறுத்தினார்.

1981ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி முழுவதுமாக ஒரு சுற்றுமடல் எழுதினார். அதன் பெயர் ‘லபோரெம் எக்ஸெர்சென்ஸ்’. எழுதியவர் உழைப்பைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர் அல்லர். நாத்சிகள் போலந்தை ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1940 முதல் 1944 வரை, கிராக்கோவ் நகரில் முதலில் கல்குவாரியிலும் பிறகு வேதித் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். குருவாகும் அழைத்தலை அவர் உணர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான். வேலைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்று அவர் விளக்குகிறார். என்ன செய்யப்படுகிறது என்பது ஒரு பக்கம். யார் செய்கிறார் என்பது மறுபக்கம். வேலையின் மாண்பு இந்த இரண்டாம் பக்கத்திலிருந்தே பிறக்கிறது. வேலை மனிதருக்காக இருக்கிறது. வேலைக்காக மனிதர் இல்லை.

இந்தக் கருத்தை ஏற்றுக்கொள்வது நமக்கு எளிது. இதன்படி நடப்பதுதான் கடினம். ஏனென்றால் இது நம் பழக்கங்கள் பலவற்றைத் தொடுகிறது. மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, வேலைகளுக்கு நாம் இடும் ஏணி. எந்த வேலை உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று நம் மண்ணில் நெடுங்காலமாகப் பிறப்பை வைத்தே முடிவு செய்தோம். இன்ன குலத்தில் பிறந்தவருக்கு இன்ன தொழில் என்று கட்டிப் போட்டோம். அழைத்தல் இதற்கு நேர் எதிரானது. இறைவன் ஒருவரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார். குலத்தைச் சொல்லி அல்ல. மனிதக் கழிவை மனிதரே கையால் அள்ளும் கொடுமையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது. ஆனாலும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள் என்ற செய்தி இன்றும் வருகிறது. அந்த மரணத்துக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று நாம் சொல்லிவிட முடியுமா? நம் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்ய யாரை, எப்படி அழைக்கிறோம் என்பதும் நம் நம்பிக்கை வாழ்வின் ஒரு பகுதிதான்.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயம் இங்கே நமக்கு வழிகாட்டி. அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். திருமணமானவர், திருவிதாங்கூர் அரசில் அலுவலர். துயரத்தில் இருந்தபோது கிறிஸ்துவைப் பற்றி அவருக்கு எடுத்துச் சொன்னவர், அதே அரசின் பணியில் இருந்த டச்சுப் படைத்தலைவர் டி லனாய். அரசுப் பணியில் உடன் இருந்தவரின் வாய்மொழியாகவே ஆண்டவரின் அழைப்பு அவரை வந்தடைந்தது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றார். சாதி வேறுபாடின்றி எல்லாரும் சமம் என்பதை வலியுறுத்தினார், எல்லாரோடும் பழகினார். பல துன்பங்களுக்குப் பின் 1752இல் காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். புனிதம் என்பது வேலையை விட்டு ஓடியவர்களுக்கு மட்டும் உரியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

இரண்டாவது, கூலி வாங்காத வேலை. வீட்டுக்காரம்மா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், வீட்டில் சும்மாதான் இருக்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டி, துணி துவைத்து முடிக்கிறவரைப் பற்றித்தான் அப்படிச் சொல்கிறோம். தாயின் உழைப்பைச் சமூகம் மதிக்க வேண்டும் என்று, நாம் மேலே பார்த்த 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடல் வெளிப்படையாகவே கேட்கிறது. சமையலறைப் பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலாவுகிறார் என்று அவிலா புனித தெரேசா தம் சகோதரிகளுக்கு நினைவுபடுத்தினார். ஆண்டவர் உலாவும் இடத்தில் நிற்பவரைச் சும்மா இருப்பவர் என்று நாம் இனியும் சொல்லலாமா?

மூன்றாவது, நாம் கொடுக்கும் கூலி. நம்மில் பலர் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டுமல்லர், கொடுக்கிறவர்களும் கூட. வீட்டு வேலைக்கு வருகிறவர், தோட்டத்துக்கு வருகிறவர், கடையில் நிற்கும் பையன் எனப் பலர் நம் கையை எதிர்பார்க்கிறார்கள். ஏழைத் தொழிலாளியின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் அவருடைய உயிரே அதை நம்பியிருக்கிறது என்கிறது இணைச்சட்டம் (24:14-15). பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). ஓய்வுநாள் கட்டளையும் வீட்டுத் தலைவருக்கு மட்டும் உரியதாக இல்லை. பணியாளருக்கும், அன்னியருக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும் கூட ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது (இணைச்சட்டம் 5:12-15). ஞாயிறு திருப்பலிக்கு நாம் கிளம்பும்போது, நம் வீட்டில் வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு இருக்கிறதா? நம் ஆலயத்தைப் பெருக்கி, மணியடித்து, பீடத்தைத் தயார் செய்யும் கோவில்பிள்ளையின் சம்பளத்தை நாம் கடைசியாக எப்போது உயர்த்தினோம்? பங்குப் பேரவையில் இதைக் கேட்பதும் ஒரு செபமே.

அப்படியானால் எந்த வேலையும் அழைத்தல்தானா? பிறரைக் கெடுத்துப் பிழைக்கும் வேலை ஒருபோதும் அழைத்தல் ஆகாது. மற்ற வேலைகளைப் பொறுத்தவரை, திருமுழுக்கு யோவான் நமக்கு நல்ல வழியைக் காட்டுகிறார். தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று வரிதண்டுவோரும் படைவீரரும் அவரிடம் வந்து கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்கு வந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. குறித்த அளவுக்கு மேல் தண்டாதிருங்கள், யாரையும் மிரட்டிப் பறிக்காதிருங்கள் என்ற பொருளில்தான் பதில் சொன்னார் (லூக்கா 3:12-14). கையூட்டு வாங்காமல் கோப்பை நகர்த்தும் எழுத்தர், எடையில் கைவைக்காத கடைக்காரர், பின்தங்கிய மாணவனுக்காகக் கூடுதலாகக் கால்மணி நேரம் நிற்கும் ஆசிரியை ஆகியோர் தங்கள் மேசையிலும் தராசிலும் கரும்பலகையிலும் அழைப்புக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலையே இல்லாமல் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கும் இளையோர், ஆலை மூடியதால் வீட்டில் இருக்கும் தந்தையர், நோயால் முடங்கியவர்கள், பணி ஓய்வு பெற்றபின் தாங்கள் யாருக்கும் வேண்டாதவர்களோ என்று கலங்கும் பெரியவர்கள் நம் பங்கிலும் உண்டு. இவர்களைப் பார்த்து, இன்னும் வேலை கிடைக்கவில்லையா என்று விசேஷ வீடுகளில் நாம் கேட்கும் கேள்வி, பல நேரங்களில் கல்லெறிவதைப் போல விழுகிறது. உவமையின் நிலக்கிழாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். ஆனால் கேட்டுவிட்டு நடையைக் கட்டவில்லை. தோட்டத்துக்குப் போகச் சொன்னார். நம்மால் ஒருவருக்கு வேலை வாங்கிக் கொடுக்க முடியாவிட்டாலும், வேலை இருக்கும் இடத்தைச் சொல்லலாம், விண்ணப்பம் எழுத உதவலாம், அவர் நின்றுகொண்டிருக்கும்போது உடன் நிற்கலாம். மாலை ஐந்து மணிக்கும் அழைக்கிற ஆண்டவர் எவரையும் காலங்கடந்தவர் என்று தள்ளுவதில்லை.

இறுதியாக ஒன்று. திருப்பலியில் காணிக்கைப் பவனி வரும்போது நாம் எவற்றைப் பீடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று கவனிப்போம். கோதுமை மணிகளையும் திராட்சைக் குலைகளையும் கொண்டுவந்து ஒப்புக்கொடுக்கும்படி ஆண்டவர் கேட்டிருக்கலாம். அவர் கேட்டது அப்பத்தையும் இரசத்தையும். கோதுமை அப்பமாக வேண்டுமானால் உழவேண்டும், அறுக்கவேண்டும், அரைக்கவேண்டும், பிசையவேண்டும், சுடவேண்டும். குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது நிலத்தின் விளைச்சலோடு அதில் கலந்திருக்கும் மனித உழைப்பையும் நினைவுகூர்ந்தே இறைவனைப் போற்றுகிறார். பெயர் தெரியாத பலருடைய வியர்வை சேர்ந்த அந்த அப்பமே கிறிஸ்துவின் உடலாகிறது.

அடுத்த ஞாயிறு காணிக்கைப் பவனி நம் இருக்கையைக் கடந்து போகும்போது, அந்த வாரம் நாம் செய்த வேலையையும் அதோடு அனுப்பி வைப்போம். நமக்காக உழைத்தவர்களின் பெயர்களை மனத்துக்குள் ஒருமுறை சொல்வோம். வேலை தேடி இன்னும் நின்றுகொண்டிருப்பவர்களையும் நினைப்போம். நாசரேத்தில் உழைத்த நம் ஆண்டவரும், அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த புனித யோசேப்பும் நம் கைகளை ஆசீர்வதிப்பார்களாக. ஆமென்.